ரெண்டன் எழுதிய கடிதம்: ‘உலக வெற்றியாளர்’ கழகம் மறைந்தது எதனால்?

1888ஆம் ஆண்டு கோடையில் ஸ்காட்லாந்தின் மேற்கே, ரெண்டன் என்ற சிற்றூரில், டான்டைன் பார்க் மைதானத்தின் ஆட்டக்காரர் கட்டடத்தில் ஒரு பலகை மாட்டப்பட்டது. ‘உலக வெற்றியாளர்கள்’ என்பது அதில் எழுதியிருந்த வாசகம். அப்போது அந்த ஊரின் கால்பந்துக் கழகத்துக்கு வயது 16. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1890 மார்ச்சில், அதே கழகத்தின் செயலாளர் பீட்டர் ஃபேர்லி பதினான்கு கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். ஆண்டு முழுக்க முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி ஒருவரோடொருவர் ஆடலாம், அதற்கு ஒரு லீக் அமைக்கலாம் என்று பேசக் கூப்பிட்ட கடிதம் அது. ஸ்காட்டிஷ் லீக் அப்படித்தான் பிறந்தது. 1897இல் ரெண்டன் அந்த லீகை விட்டு வெளியேறியது. 1922இல் கழகமே இல்லாமல் போனது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே முடிச்சில் வந்து நிற்கிறார்கள்: தான் பெற்ற பிள்ளையே ரெண்டனைத் தின்றுவிட்டது. கதையாகக் கேட்க இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிகழ்ச்சிகளை நாள்வாரியாக அடுக்கி, பக்கத்து ஊர்க் கழகங்களையும் அருகில் வைத்துப் பார்த்தால், அந்த முடிச்சு இவ்வளவு இறுக்கமானதா என்ற ஐயம் வருகிறது. லீக் ரெண்டனைக் கொன்றதா, அல்லது நோய் முற்றிய பிறகு தேடிய மருந்தா லீக்? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான்.

ஆறும் சாயமும்

லோமண்ட் ஏரியிலிருந்து புறப்படும் லீவன் ஆறு, ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் ஓடி டம்பார்ட்டன் நகரருகே கிளைடு ஆற்றில் கலக்கிறது. இந்தக் குறுகிய பள்ளத்தாக்கில்தான் அலெக்சாண்ட்ரியா, பான்ஹில், ஜேம்ஸ்டவுன், ரெண்டன் ஆகிய ஊர்கள் இருக்கின்றன. ரெண்டன் 1782இல் திட்டமிட்டு அமைக்கப்பட்ட ஊர். நாவலாசிரியர் டோபியாஸ் ஸ்மாலெட்டின் சகோதரி ஜீன் டெல்ஃபர் அதை அமைத்தார். ஊருக்குத் தன் மருமகளின் குடும்பப் பெயரையே வைத்தார்.

ஆற்றுநீர் மென்மையானது, வற்றாதது. துணி வெளுக்கவும் சாயமேற்றவும் அச்சிடவும் ஏற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்கு ‘துருக்கிச் சிவப்பு’ என்ற சாயத்துக்குப் பெயர்பெற்றது. வெயிலுக்கும் சலவைக்கும் மங்காத சிவப்பு அது. ரெண்டனில் வில்லியம் ஸ்டெர்லிங் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் கார்டேல், டால்கூர்ன் ஆலைகள் ஊருக்கே வேலை கொடுத்தன. துணிகளில் பெரும்பகுதி இந்தியச் சந்தைக்குப் போனது. மயில் வடிவங்கள் அச்சிட்ட சிவப்புத் துணிகள் அங்கே மலைமலையாகத் தயாராயின. தமிழ் வாசகர் இந்த இடத்தில் ஒரு கணம் நிற்கலாம். சோழமண்டலக் கரையில் சாயவேரிலிருந்து எடுத்த சிவப்பும், லீவன் கரையின் சிவப்பும் வேதியியலில் நெருங்கிய உறவு; இரண்டுக்கும் அடிப்படை அலிசரின் என்ற ஒரே பொருள். 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் அலிசரினை ஆய்வகத்தில் உருவாக்கிய பிறகு, நம் சாயவேர் தோண்டுவோரின் பிழைப்பு மெல்ல அற்றுப்போனது. லீவன் ஆலைகளோ அந்தச் செயற்கைச் சாயத்தைக் கொண்டே கொழித்தன. ரெண்டன் கால்பந்தின் கதைக்கும் நமக்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான். ஆனால் அந்தப் பந்தை உதைத்தவர்களுக்குச் சோறு போட்ட துணியை வாங்கியவர்களில் நம் பாட்டிமாரும் இருந்திருக்கலாம் என்பதை மறந்துவிட்டு இந்த ஊரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆலைத் தொழிலாளர்களில் பெண்கள் அதிகம். ஹைலாண்ட் மலைப்பகுதியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் நிறைய. வெளுப்பு, சாய ஆலைகளை 1860ஆம் ஆண்டுச் சட்டம் வேலைநேரக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வு மெல்ல மெல்லத் தொழிலாளரின் சொத்தானது. பள்ளத்தாக்கில் ரயில் பாதை 1850இலேயே போடப்பட்டு, 1858இல் கிளாஸ்கோவோடு இணைக்கப்பட்டது. ஓய்வு, சேர்ந்து வாழும் இளைஞர் கூட்டம், வெளியூர் போய்வர ரயில் என்று ஆட்டத்துக்குத் தேவையான மூன்றும் அமைந்தன. விக்டோரிய காலக் கால்பந்தின் பரவலை விளக்கும் வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் சொல்லும் காரணங்கள்தாம் இவை. ஆனால் இவை மட்டும் போதா. இதே மூன்றும் வாய்த்திருந்த நூறு ஊர்கள் கோப்பை எதையும் வென்றதில்லை.

கூடுதலாக இங்கே இருந்தது போட்டி ஊர். மேற்கு ஸ்காட்லாந்துக் கால்பந்தின் பண்பாட்டு வரலாற்றை எழுதிய மேத்யூ மக்டவல் (2013) போன்றோர், ஊர்ப்பற்றையும் உள்ளூர்ச் செல்வாக்கையும் ஆட்டத்தின் எரிபொருளாகக் காட்டுகிறார்கள். லீவன் கரையில் அந்த எரிபொருள் ஏராளம். ஒரு மைல், இரண்டு மைல் தொலைவில் ‘வேல் ஆஃப் லீவன்’ கழகம். ஆற்றுமுகத்தில், கப்பல்கட்டும் தளங்களின் நகரமான டம்பார்ட்டனில் இன்னொரு கழகம். 1872இல் ரெண்டனும் வேலும் டம்பார்ட்டனும் ஏறக்குறைய ஒரே மூச்சில் தொடங்கின. வளைந்த கோலால் ஆடும் ‘ஷின்டி’ விளையாட்டில் பழகிய வேல் இளைஞர்களுக்குக் கால்பந்தைக் கற்றுக் கொடுத்தது கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் கழகம். மாணவன் ஆசிரியரை வென்ற நாளும் வந்தது. 1876 டிசம்பரில் ஸ்காட்டிஷ் கோப்பைப் போட்டியில் குயின்ஸ் பார்க் கண்ட முதல் தோல்வி வேலின் கையால்தான்.

பன்னிரண்டு இறுதியாட்டங்கள்

ஸ்காட்டிஷ் கோப்பை 1873இல் பதினாறு கழகங்களோடு தொடங்கியது. ரெண்டன் அவற்றில் ஒன்று. அக்டோபர் 18 அன்று கில்மார்னாக்கை வென்ற ரெண்டன், அரையிறுதியில் குயின்ஸ் பார்க்கிடம் தோற்றது. அடுத்த பருவத்தில் இறுதியாட்டம் வரை போய், அதே குயின்ஸ் பார்க்கிடம் 3-0 என விழுந்தது. அதன்பின் பத்தாண்டு ரெண்டன் பின்னுக்குப் போனது. அந்த இடத்தை வேலும் டம்பார்ட்டனும் பிடித்துக்கொண்டன. வேல் 1877, 1878, 1879 என மூன்று ஆண்டும் தொடர்ந்து கோப்பையைக் கொண்டுபோனது. டம்பார்ட்டன் 1883இல் வென்றது, அதுவும் இறுதியாட்டத்தில் வேலைத் தோற்கடித்து. 1885இல் ரெண்டனும் வேலும் இறுதியில் மோதி, முதல் ஆட்டம் கோலின்றி முடிய, மறு ஆட்டத்தில் ரெண்டன் 3-1 என வென்றது.

எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 1877 முதல் 1888 வரையிலான பன்னிரண்டு இறுதியாட்டங்களில் இந்தப் பத்துக் கிலோமீட்டர் ஆற்றின் கரையிலிருந்து ஒரு கழகமும் இடம்பெறாத ஆண்டு 1880 மட்டுமே. கிளாஸ்கோவைப் போல ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் குவிந்த நகரம் அருகிலிருக்க, சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர்கள் நாட்டின் பெரிய பரிசைத் தங்களுக்குள் சுற்றிவிட்டிருக்கின்றன.

1880களின் நடுவில் ரெண்டன் அணியின் வலிமை எல்லை தாண்டியும் தெரிந்தது. 1886-87 பருவத்தில் ஸ்காட்லாந்துக் கழகங்கள் சில இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் ஆடின. அதற்கு முன் மூன்று ஆண்டு தொடர்ந்து அக்கோப்பையை வைத்திருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸை ரெண்டன் வெளியேற்றியது. அடுத்த சுற்றில் பிரஸ்டனிடம் தோற்றது. அதோடு, உறுப்புக் கழகங்கள் வெளிச்சங்கங்களின் போட்டியில் ஆடக் கூடாது என்று ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கம் கதவை அடைத்துவிட்டது.

அணியின் வலிமைக்கு அந்நாளைய விளக்கம் ‘சிக்கன் ப்ரீ’. ‘ப்ரீ’ என்றால் ஸ்காட்டிஷ் வட்டாரப் பேச்சில் சாறு, ரசம். பெயரைக் கேட்டால் கோழிச்சாறு. உள்ளே இருந்ததோ போர்ட் ஒயினில் கலக்கிய பச்சை முட்டை என்கிறார்கள். எதிரணிகளை ஏமாற்ற வைத்த பெயர் என்றும், பத்திரிகைக்காரர்கள் ஊதிய கதை என்றும் இருவகைப் பேச்சு உண்டு. மருத்துவத்தில் இதன் மதிப்பு எதுவாகவும் இருக்கட்டும். ஆட்டக்காரர்களைச் சேர்த்து உட்கார வைத்து, உணவையும் உடற்பயிற்சியையும் கண்காணித்த கழகம் இது என்பதற்கு அந்தக் கதை ஒரு சான்று. ‘பொழுதுபோக்கு’ ஆட்டக்காரர்கள் என்று சட்டம் சொன்ன காலத்தில், ஒருவகைத் தொழில்முறைத் தயாரிப்பு அங்கே நடந்துகொண்டிருந்தது.

நாற்பத்தொரு நாட்கள்

1888 பிப்ரவரி 4 அன்று ரெண்டன் கேம்பஸ்லாங்கை 6-1 என வென்று இரண்டாம் முறை ஸ்காட்டிஷ் கோப்பையைக் கைப்பற்றியது. கோப்பையின் இறுதியாட்டத்தில் அதைவிடப் பெரிய கோல் வித்தியாசம் இதுவரை இல்லை; 1972இல் செல்டிக் சமன் மட்டுமே செய்தது. அந்த ஆண்டு இங்கிலாந்தின் கோப்பையை வென்றது வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன். இரு நாட்டு வெற்றியாளர்களும் மே 19 அன்று கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் மோதினார்கள். இடி மின்னலோடு மழை கொட்ட, ரெண்டன் 4-1 என வென்றது. பலகையில் எழுதிய பட்டம் இந்த ஆட்டத்தில் கிடைத்ததுதான்.

அந்தப் பட்டத்தின் எடையைச் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். கால்பந்தை ஒழுங்காக ஆடிய நாடுகள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவை. ‘உலகம்’ என்றால் பிரிட்டன் என்ற மயக்கம் ரெண்டனுக்கு மட்டும் உரியதல்ல; முந்தைய ஆண்டு ஹைபர்னியன் பிரஸ்டனை வென்றபோதும் இதே உலகப் பட்டப் பேச்சு எழுந்தது. எந்தச் சங்கமும் அங்கீகரிக்காத, விளம்பரத்துக்கு உதவிய ஆட்டம் அது. ஆகவே பட்டத்தை அப்படியே ஏற்பதும் தவறு, எள்ளி நகையாடுவதும் தவறு. அன்றைய கழகங்களின் வருவாயே இத்தகைய சவால் ஆட்டங்களின் வாசல் வசூலை நம்பித்தான் இருந்தது. பெயர் பெரிதானால் அழைப்பு வரும். அழைப்பு வந்தால் கூட்டம் வரும். பலகை ஒரு வணிகக் கருவி.

ஆனால் அதே வசந்தத்தில் வேறு இரண்டு நிகழ்ச்சிகளும் நடந்தன. ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டரில் பன்னிரண்டு கழகங்கள் கூடி, உலகின் முதல் கால்பந்து லீகை நிறுவின. அதற்கு மூலகாரணமான வில்லியம் மக்ரெகர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். ரெண்டனிடம் தோற்ற வெஸ்ட் பிராம்விச் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. பிறகு மே 28 அன்று, உலகப் பட்டம் வென்ற ஒன்பதாம் நாள், கிளாஸ்கோவில் புதிதாகத் தொடங்கிய செல்டிக் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. ரேஞ்சர்ஸ் அணியை 5-2 என வென்ற அந்த ஆட்டத்தில் செல்டிக்கின் முதல் கோலை அடித்தவர் நீல் மக்கல்லம். நடுக்களத்தில் அணியைத் தாங்கியவர் ஜேம்ஸ் கெல்லி. இருவரும் ரெண்டன் ஆட்டக்காரர்கள்.

மான்செஸ்டர் கூட்டத்துக்கும் செல்டிக்கின் முதல் ஆட்டத்துக்கும் இடையே நாற்பத்தொரு நாட்கள். ரெண்டனின் உச்சம் அந்த இடைவெளிக்குள் விழுகிறது. தெற்கே தொழில்முறை லீக், கிழக்கே பெருநகரக் கழகம். ரெண்டன் அணியைப் பிய்த்துப் போட்ட இரு கைகளும் அந்த ஆறு வாரத்திலேயே வெளியே தெரிந்துவிட்டன.

கெல்லியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரெண்டனில் 1865இல் பிறந்தவர், அயர்லாந்து வம்சாவளி. சென்டர் ஹாஃப் நிலையில் நின்று, தற்காப்போடு நிற்காமல் பந்தை முன்னேற்றித் தாக்குதலைத் தொடங்கும் பாணியை வளர்த்தவர்களில் முதன்மையானவர் என்று ஆட்ட வரலாற்றாசிரியர்கள் இவரை மதிக்கிறார்கள். செல்டிக் பணம் கொடுத்து இழுத்தது என்ற பேச்சு அப்போதே பலமாக இருந்தது. ஆட்டக்காரருக்குப் பணம் தரக் கூடாது என்ற அமெச்சூர் சட்டம் நடப்பிலிருந்ததால் அதற்குக் கணக்கேடு இருக்க வாய்ப்பில்லை. பணத்தோடு இன்னொன்றும் இருந்தது. செல்டிக் அயர்லாந்துக் கத்தோலிக்கரின் கழகமாக எழுந்தது. கெல்லிக்கு அது அந்நியர் வீடல்ல. இந்த இழுப்பைச் சம்பளக் கணக்கில் மட்டும் அடக்கிவிட முடியாது.

மற்றவர்கள் இங்கிலாந்துக்குப் போனார்கள். அங்கே 1885 முதல் தொழில்முறை ஆட்டம் சட்டபூர்வம். ஆண்ட்ரூ ஹேனா 1889இல் எவர்ட்டன் சென்று, 1891இல் அவர்களின் முதல் லீக் வெற்றிக்குத் தலைமை தாங்கினார். பிறகு லிவர்பூல் கழகத்தின் முதல் அணித் தலைவரும் அவரே. ராபர்ட் கெல்சோ, ஹாரி கேம்பல் என்று பட்டியல் நீளும். உலகப் பட்டம் வென்ற அணி இரண்டே ஆண்டில் சிதறிப்போனது.

கடிதத்தைத் திரும்பப் படித்தல்

இந்த நாள்வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு ஃபேர்லியின் கடிதத்துக்கு வந்தால், அது வேறு மாதிரி தெரிகிறது. 1890 மார்ச்சில் ரெண்டன் உச்சியில் நின்று கட்டளையிடும் கழகமன்று. ஆட்களை இழந்து, இழந்த இடத்தைப் பெயரால் நிரப்பிக்கொண்டிருந்த கழகம். நட்பு ஆட்டங்களை நம்பிய வருவாய்க்கு உறுதியில்லை. ஒப்புக்கொண்ட அணி வராமல் போகலாம். கோப்பை மறு ஆட்டம் குறுக்கிட்டு நாள் தள்ளிப் போகலாம். பாதி அணியை அனுப்பி விருந்தாளி ஏமாற்றலாம். இங்கிலாந்தில் லீக் இதைத்தான் தீர்த்தது. எந்தச் சனிக்கிழமை யார் வருவார்கள் என்று பருவம் தொடங்குமுன்பே தெரியும். அதை வைத்துக் கணக்குப் போடலாம். சுருங்கிவரும் ஒரு கழகத்தின் செயலாளர் இந்த ஏற்பாட்டை விரும்பியதில் பேதைமை எதுவும் இல்லை.

மார்ச் 20 அன்று கிளாஸ்கோ கிளாஸ்ஃபர்டு தெருவில் ஒரு விடுதியில் கூட்டம் நடந்தது. ஏப்ரல் 30 அன்று லீக் முறையாக அமைந்தது. குயின்ஸ் பார்க் சேர மறுத்தது. லீக் வந்தால் தொழில்முறை பின்னாலேயே வரும், சிறு கழகங்கள் நசுங்கும் என்பது அவர்கள் வாதம். பின்னால் நடந்ததைப் பார்த்தால் தீர்க்கதரிசனம்போலத் தோன்றும். ஆனால் குயின்ஸ் பார்க்குக்கும் தன் காரியம் இருந்தது. விரும்பிய அணியை விரும்பிய நாளில் வரவழைக்கும் செல்வாக்கு அதற்கு ஏற்கெனவே இருந்தது. அட்டவணை வந்தால் அந்தச் செல்வாக்கு போய்விடும். சிறியோர் மீது பெரியோர் காட்டும் பரிவை ஆராய்ச்சியாளர் முகமதிப்பில் ஏற்கத் தேவையில்லை.

‘ஒளிந்த பெயர்’

லீக் தொடங்கிய சில வாரங்களில் ரெண்டன் வெளியே தள்ளப்பட்டது. எடின்பரோவின் செயின்ட் பெர்னார்ட்ஸ் கழகம் ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்த குற்றத்துக்காகத் தடையில் இருந்தது. ‘எடின்பரோ செயின்ட்ஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு களத்தில் இறங்கிய அந்த அணியோடு ரெண்டன் ஆடியது. வந்திருப்பவர்கள் யார் என்று ரெண்டனுக்குத் தெரியாதிருக்க வழியில்லை. ஸ்காட்டிஷ் சங்கம் ரெண்டனையும் தடைசெய்தது. ஐந்து லீக் ஆட்டங்களோடு பருவம் முடிந்தது. அந்த முடிவுகளும் அழிக்கப்பட்டன. லீக் வேண்டும் என்று கேட்ட கழகத்தின் பெயர் லீகின் முதல் புள்ளிப் பட்டியலில் இல்லை.

சங்கத்தில் குயின்ஸ் பார்க்கின் குரல் ஓங்கி ஒலித்த காலம் அது. லீக் மீதான ஆத்திரத்தை அதைத் தொடங்கியவர் மேல் காட்டினார்கள் என்று பலர் கருதுகிறார்கள். இருக்கலாம். நேரம் அவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது. ஆனாலும் விதி தெளிவாக இருந்தது, மீறலும் தெளிவாக நடந்தது. சதி என்று சொல்ல, உள்நோக்கத்தைக் காட்டும் சான்று வேண்டும். பொருத்தமான நேரம் சான்றாகாது. ரெண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. 1891-92 பருவத்தில் லீகில் திரும்பவும் இடம் கிடைத்தது.

ஒரு பருவத்து வசூல் போனது சிறிய இழப்பல்ல. ரெண்டனின் வீழ்ச்சிக்கு இதையே முதற்காரணமாகச் சொல்வோர் உண்டு. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது.

ஆற்றங்கரை மூவர்

லீகைத் தொடங்கிய பதினொரு கழகங்களில் மூன்று லீவன் கரையைச் சேர்ந்தவை. ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வட்டாரம், ஒரே ரயில் பாதை. ரெண்டன் தண்டிக்கப்பட்டது, வேலும் டம்பார்ட்டனும் தண்டிக்கப்படவில்லை. தண்டனைதான் காரணமென்றால், மற்ற இரண்டும் பிழைத்திருக்க வேண்டும்.

வேல் 1890இல்கூடக் கோப்பை இறுதியாட்டம் வரை போய், மறு ஆட்டத்தில்தான் குயின்ஸ் பார்க்கிடம் தோற்றது. இரண்டே ஆண்டில், 1891-92 லீகில், இருபத்திரண்டு ஆட்டங்களில் ஒன்றையும் அது வெல்லவில்லை. ஐந்து சமன்கள், ஐந்து புள்ளிகள். அதோடு லீகை விட்டுப் போனது, 1929இல் மறைந்தது.

டம்பார்ட்டனின் கதை இன்னும் கூர்மையானது. முதல் பருவத்தில் ரேஞ்சர்ஸும் டம்பார்ட்டனும் சமப் புள்ளி பெற்றன. முடிவுக்கு வைத்த ஆட்டமும் 2-2 என முடிய, பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. அடுத்த ஆண்டு டம்பார்ட்டன் தனியாகவே வென்றது. அதாவது ஸ்காட்டிஷ் லீகின் முதல் இரு பட்டங்களிலும் ஒரு லீவன் கரைக் கழகத்தின் பெயர் இருக்கிறது. அதே டம்பார்ட்டன் 1895-96இல் முதல் பிரிவில் கடைசி. அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவிலும் கடைசி. 1897இல் லீகில் இடம் இழந்தது. பட்டம் வென்ற ஐந்தே ஆண்டில் தெருவுக்கு வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ரெண்டன் 1893-94இல் முதல் பிரிவின் அடியில் நின்றது. பதினெட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி. இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய அது, 1897-98 பருவத்தில் நான்கே ஆட்டங்கள் ஆடிவிட்டு விலகியது. காலியிடம் ஹாமில்டன் அகாடமிக்கலுக்குப் போனது.

தண்டனை பெற்றது, பெறாதது, வெற்றியாளர் ஆனது என்று மூன்று வேறு வழிகளில் நடந்தவர்கள் 1897க்குள் ஒரே வாசல் வழியாக வெளியேறியிருக்கிறார்கள். எனவே 1890ஆம் ஆண்டுத் தண்டனை ரெண்டனின் வீழ்ச்சியை விரைவுபடுத்தியது என்று மட்டுமே சொல்ல முடியும்.

கோப்பை காட்டும் சாட்சி

அப்படியானால் லீக்தானே மூவரையும் வீழ்த்தியது என்று கேட்கலாம். இங்கேதான் எனக்குப் பழைய விளக்கத்தோடு முரண்பாடு. இரண்டாம் பிரிவில் கிடந்த ரெண்டன் 1895இல் ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதியாட்டத்துக்கு வந்தது. இரண்டாம் பிரிவின் கடைசியில் கிடந்த டம்பார்ட்டன் 1897இல் இறுதியாட்டத்துக்கு வந்தது. ஆட்டத் திறன் செத்துப்போயிருந்தால் இது நடந்திருக்காது. பள்ளத்தாக்கு இன்னமும் ஆட்டக்காரர்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. பதினொரு பேரைத் திரட்டி நான்கைந்து சனிக்கிழமைகளில் எவரையும் மிரட்ட அதனால் முடிந்தது. அதே பதினொருவரைப் பருவம் முழுதும் சம்பளம் கொடுத்துப் பிடித்து வைக்கத்தான் முடியவில்லை.

1893 மே மாதத்தில் ஸ்காட்லாந்திலும் தொழில்முறை சட்டபூர்வமானது. அமெச்சூர் சட்டத்தைப் பற்றி ஒரு முரணை இங்கே குறிப்பிட வேண்டும். அது நிறைய போலித்தனத்தை வளர்த்தது உண்மை. ஆனால் ஓர் ஊர்க்காரரைப் பக்கத்து நகரம் பகிரங்கமாக விலைக்கு வாங்க முடியாதபடி வேலி போட்டதும் அதுதான். ரெண்டனுக்கு அந்த வேலியில் ஒரு பக்கம் திறந்தே இருந்தது: இங்கிலாந்து. பண்டமாற்றுப்போல் மறைவில் நடந்த கிளாஸ்கோ பேரம் இன்னொரு பக்கம். 1893இல் வேலியே எடுக்கப்பட்டது. ஆக, ஆட்டக்காரர்களுக்கான சந்தை 1888லேயே ரெண்டன் வரை வந்துவிட்டது. லீக் இரண்டு ஆண்டு பிந்தி வந்தது. அந்தச் சந்தையில் விலை பேசும் திராணி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை வாராவாரம் பட்டியல் போட்டுக் காட்டியது.

கழகங்கள் லாபத்துக்காக நடந்தனவா, வெற்றிக்காக நடந்தனவா என்பது விளையாட்டுப் பொருளாதார வரலாற்றில் பழைய வழக்கு. ரே வாம்ப்ளூவின் 1988ஆம் ஆண்டு நூல் அதை விரிவாகப் பேசுகிறது. ரெண்டனைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் வசதியே இல்லை. 1894-95இல் டண்டீ வாண்டரர்ஸுடனான ஒரு லீக் ஆட்டத்துக்கு ரெண்டன் போகவில்லை. அதைவிட நல்ல வசூல் தரக்கூடிய ஒரு நட்பு ஆட்டத்தைக் குயின்ஸ் பார்க்குடன் ஆடியது. வாண்டரர்ஸுக்கு இரண்டு புள்ளி சும்மா கிடைத்தது. அட்டவணை வேண்டும் என்று எழுதிக் கேட்ட கழகம், ஐந்தே ஆண்டில் அட்டவணையைத் தானே மீறியிருக்கிறது. ஒழுக்கக் குறைவாக இதைப் படிப்பதைவிட, ஒரு வாரத்துச் செலவுக்குப் பணம் தேடிய வீட்டின் நிலையாகப் படிப்பது பொருந்தும். எந்த உறுதிக்காக லீக் கேட்கப்பட்டதோ, அந்த உறுதியை லீக் ரெண்டனுக்குத் தரவில்லை. ரெண்டனுக்கு எதிராக யார் ஆடினாலும் கூட்டம் வரும் என்றிருந்த காலம், கெல்லியும் ஹேனாவும் போனதோடு முடிந்துவிட்டிருந்தது.

1895 இறுதியாட்டத்தில் ரெண்டனை 2-1 என வென்ற அணி செயின்ட் பெர்னார்ட்ஸ். ஐந்து ஆண்டுக்கு முன் பெயர் மாற்றி வந்து ரெண்டனின் ஒரு பருவத்தையே கெடுத்த அதே கழகம். வரலாற்றில் இப்படிப்பட்ட பொருத்தங்களுக்குப் பொருள் எதுவும் இல்லை. ஆனால் அன்று மைதானத்துக்கு வந்த ரெண்டன்காரர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

பலகைக்குப் பின்

1897க்குப் பிறகு ரெண்டன் கால்நூற்றாண்டு உயிரோடிருந்தது. மாவட்டப் போட்டிகள், எப்போதாவது கோப்பை ஆட்டம். சாய ஆலைகள் 1898இல் ‘யுனைடெட் டர்க்கி ரெட்’ என்ற ஒரே நிறுவனமாக இணைந்தன. அந்தச் சிவப்பின் சந்தையும் அடுத்த தலைமுறையில் சுருங்கியது. முதல் உலகப் போருக்குப் பிந்திய வேலையின்மையில் பள்ளத்தாக்கு பொதுவுடைமை அரசியலுக்குப் பெயர்பெற்று, ‘குட்டி மாஸ்கோ’ என்று அழைக்கப்பட்டது. டான்டைன் பார்க் இருந்த இடத்தில் இன்று வீடுகள்.

லீகைத் தொடங்கிய பதினொன்றில் அபர்கார்ன், கேம்பஸ்லாங், கௌலேர்ஸ், வேல், ரெண்டன், 1967இல் மூன்றாம் லனார்க் என ஆறு அழிந்தன. எஞ்சிய ஐந்தில் சிறு நகரத்தது டம்பார்ட்டன். 1906இல் லீகுக்குத் திரும்பி இன்றுவரை ஆடுகிறது. மூவருக்கும் விதி ஒன்று என்று மேலே நான் காட்டிய ஒப்பீட்டுக்கு இது ஒரு வரம்பு. கப்பல்கட்டும் நகரத்துக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. சாய ஆலைக் கிராமத்துக்குக் கிடைக்கவில்லை. ஊரின் அளவுக்கும் தொழிலின் ஆயுளுக்கும் இதில் எவ்வளவு பங்கு என்பது தனியே ஆராய வேண்டிய பொருள்.

ஜேம்ஸ் கெல்லி செல்டிக்கிலேயே தங்கினார். 1897இல் அது நிறுவனமானபோது இயக்குநரானார், பின்னர் தலைவருமானார். அவர் மகன் ராபர்ட் கெல்லி 1947 முதல் 1971 வரை செல்டிக்கின் தலைவர். 1967 மே மாதம் லிஸ்பனில் இன்டர் மிலானை வென்று செல்டிக் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவரே. அதே ஆண்டு நவம்பரில் உலகக் கழகப் பட்டத்துக்காக அர்ஜென்டினாவின் ரேசிங்கோடு மான்டெவிடியோவில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் செல்டிக் 1-0 எனத் தோற்றது. அவர் தந்தை ஆடிய ஊரில் 1888இல் மாட்டிய பலகையில் இருந்த அந்தச் சொற்களை எழுதிக்கொள்ளச் செல்டிக்குக் கொடுத்துவைக்கவில்லை.